சீட்டுக்கும் தோலுக்கும் நடுவில்

நிமிடத்துக்கு 80 சுற்று என்ற கணக்கில் பெடல் மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 4,800 சுற்று. ஆறு மணி நேரம் ஓட்டினால் 28,800. ஒவ்வொரு சுற்றிலும் தொடையின் உட்பக்கம் சீட்டின் ஓரத்தை ஒருமுறை உரசிவிட்டுப் போகிறது. இடது தொடை ஒருமுறை, வலது தொடை ஒருமுறை. மறுநாளும் அதே 28,800. அதற்கடுத்த நாளும். நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்குக் கிளம்புகிறவர்கள் கால் வலியைப் பற்றியும் பஞ்சரைப் பற்றியும்தான் கவலைப்படுவார்கள். பாதியில் திரும்பி வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் தயங்கிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உட்கார முடியலைங்க" என்பவர்கள் நிறையப் பேர்.

இது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் வரும் தொல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியின் கடைசி நாள். பிரான்சின் லோரோன் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். மிச்சம் இருந்தது வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டரை ஒவ்வொருவரும் தனித்தனியாக, நேரம் பார்த்து ஓட்டும் சுற்று மட்டும். அன்று அவர் சீட் உரசலால் வந்த புண்ணோடு ஓட்டினார். அமெரிக்காவின் கிரெக் லெமாண்டிடம் மொத்தக் கணக்கில் 8 விநாடியில் தோற்றார். புண் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது; லெமாண்டின் சைக்கிளில் காற்றைக் கிழித்துப் போக வசதியான புதுவகை ஹேண்டில்பார் இருந்தது. ஆனாலும் மூன்று வாரம், மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகு 8 விநாடி என்றால், அந்தப் புண்ணுக்கும் அதில் ஒரு பங்கு இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

சரி, தோல் எப்படிக் கெடுகிறது?

தோலின் மேல் அடுக்கு, இறந்த செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மெல்லிய கவசம். செல்களுக்கு நடுவே கொழுப்புப் பசை இருக்கிறது. உலர்ந்திருக்கும்போது இந்தக் கவசம் சாதாரண உரசலைத் தாங்கிக்கொள்ளும். ஒரு நாள் முழுக்க விரலில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் பிரித்துப் பாருங்கள். உள்ளே தோல் வெளுத்து, ஊறி, தொட்டால் பிய்ந்துவிடும் போல இருக்கும். சைக்கிள் சீட்டில் ஆறு மணி நேரம் வியர்வையில் ஊறும் தொடையிடுக்கின் நிலையும் அதுதான். ஈரம் பட்டால் வழுக்கும் என்று நினைப்போம். தோல் விஷயத்தில் நேர்மாறு: ஈரமான தோலில் துணி இன்னும் இறுக்கமாகப் பிடித்து இழுக்கிறது. அதோடு வியர்வை காயும்போது உப்புத் துகள் தங்கிவிடுகிறது. ஊறிய தோல்மேல் உப்புத்தாளைத் தேய்ப்பது மாதிரி.

முதலில் வருவது வெறும் காந்தல். தோல் சிவந்து, குளிக்கும்போது தண்ணீர் பட்டால் சுள்ளென்று இருக்கும். அப்படியே விட்டால் மயிர்க்கால்களுக்குள் பாக்டீரியா புகுந்து சின்னச் சின்னப் பருக்கள் வரும். அதையும் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் ஆழத்தில் சீழ்க்கட்டி. முதல் கட்டத்தில் ஒரு நாள் ஓய்வு போதும். மூன்றாவது கட்டத்தில் பயணம் முடிந்த மாதிரிதான். ஆக, நெடும்பயணத்தில் சுத்தம் என்பது பளிச்சென்று இருப்பது பற்றியது இல்லை. அழுக்கைவிட ஈரம் பெரிய எதிரி. புழுதி படிந்த முழங்காலோடு பத்து நாள் ஓட்டலாம். ஈர ஷார்ட்ஸோடு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஷார்ட்ஸும் சீட்டும்

என் முதல் நீண்ட பயணத்தில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். உட்காரும் இடத்தில் மெத்தை மாதிரி பேட் வைத்துத் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்கியிருந்தேன். அதற்குள் வழக்கம்போலப் பருத்தி ஜட்டியும் போட்டுக்கொண்டேன். அது இல்லாமல் எப்படி என்ற கூச்சம்தான், வேறொன்றும் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் பார்த்தால், ஜட்டியின் தையல் ஓடிய இடமெல்லாம் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இரண்டு பக்கமும் சிவப்பு வரி. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டது. தையல் அதை வைத்து அறுத்தது. பேட் வைத்த ஷார்ட்ஸை நேரடியாகத் தோல்மேல் போட வேண்டும், உள்ளே எதுவும் கூடாது. அந்தப் பேடில் தையல் தோலில் படாதபடி வைத்திருப்பதே அதற்காகத்தான். கூச்சமாக இருந்தால் மேலே தொளதொளவென்று இன்னொரு கால்சட்டை போட்டுக்கொள்ளலாம்.

பேட் தடிமனாக இருந்தால் நல்லது என்பது கடையில் விரலால் அமுக்கிப் பார்க்கும்போது வரும் எண்ணம். உட்காரும் எலும்புகள் இரண்டும் பதியும் இடத்தில் உறுதியாக இருந்து, மற்ற இடத்தில் மெல்லியதாக, மடிப்பு விழாமல் உடம்போடு ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். தளர்ந்த ஷார்ட்ஸ் சுருங்கும், சுருங்கிய இடம் உரசும். இரண்டு ஜோடி கட்டாயம், மூன்று இருந்தால் நிம்மதி. மூன்றும் வேறு வேறு வடிவப் பேடாக இருப்பதும் ஒரு வகையில் நல்லதுதான். அழுத்தம் தினமும் ஒரே புள்ளியில் விழாது.

பேடுக்கு ஷாமி என்று ஒரு பெயர் உண்டு. முன்பெல்லாம் ஆல்ப்ஸ் போன்ற ஐரோப்பிய மலைகளில் வாழும் ஷாமுவா என்ற ஆட்டினத்தின் மெல்லிய தோலைத்தான் ஷார்ட்ஸுக்குள் வைத்துத் தைத்தார்கள். துவைத்துக் காய்ந்தால் அது விறைத்துப்போகும். அதை இளக்கவே க்ரீம் தடவினார்கள். இப்போது பேட் எல்லாம் செயற்கை இழை, ஆனால் க்ரீம் தங்கிவிட்டது. இப்போது அதன் வேலை தோலுக்கும் துணிக்கும் நடுவே வழுக்கலாக நின்று உரசலைக் குறைப்பது. காலையில் கிளம்பும் முன் தொடையிடுக்கிலும், உட்காரும் எலும்பைச் சுற்றியும், சீட்டின் மூக்கு உரசும் இடத்திலும் தடவ வேண்டும். பெட்ரோலியம் ஜெல்லியும் இதே வேலையைச் செய்யும். பேடிலிருந்து துவைத்து எடுக்கத்தான் உயிர் போகும். தோலில் தடவிய விரலை மறுபடி டப்பாவுக்குள் விடாதீர்கள். டியூப்பாக இருந்தால் அந்தப் பிரச்சினையே இல்லை.

அந்த இடத்து முடியை மழித்துவிட்டால் சுத்தமாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். மழித்த முடி திரும்ப முளைக்கும்போது தோலுக்குள்ளேயே வளைந்து குத்தும், மயிர்க்காலில் கிருமி புக வழி விடும். நீளமாக இருந்தால் கத்தரியால் குறைத்துக்கொண்டால் போதும். அதுவும் கிளம்புவதற்கு முந்தைய நாள் வேண்டாம், ஒரு வாரம் முன்னால்.

ஒரு பக்கம் மட்டும் திரும்பத் திரும்பப் புண்ணாகிறதா? க்ரீமை விட்டுவிட்டு சைக்கிளைப் பாருங்கள். சீட் உயரமாக இருந்தால் பெடல் கீழே போகும் ஒவ்வொரு முறையும் இடுப்பு அந்தப் பக்கம் சாயும். இன்னொருவரைப் பின்னால் வரச்சொல்லி இடுப்பு ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அரை சென்டிமீட்டர் இறக்குவது ஒரு டியூப் க்ரீமைவிட அதிகப் பலன் தரும். சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்தால் முன்பக்கம் அழுந்தி மரத்துப்போகும். மரத்துப்போவதை யாரும் வெளியே சொல்வதில்லை. அது நரம்பும் ரத்தக் குழாயும் நசுங்குவதன் அறிகுறி, பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று கொஞ்ச தூரம் மிதித்தால் ரத்த ஓட்டம் திரும்பும்.

புண் வந்தே விட்டால்: கிள்ளாதீர்கள், பிதுக்காதீர்கள். தாங்கும் சூட்டில் வெந்நீரில் துணியை நனைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம், நாளைக்கு மூன்று நான்கு முறை. ஓய்வு ஒரு நாள், முடிந்தால் இரண்டு. சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, கட்டி பெரிதாகி வலி விண்விண்ணென்று தெறித்தாலோ மருத்துவரிடம்தான் போக வேண்டும். சீழைக் கீறி எடுக்க வேண்டியிருக்கலாம். கூடாரத்துக்குள் ஊசியைச் சுட்டுச் செய்கிற வேலை இல்லை அது.

ஒரு பாட்டில் தண்ணீர்க் குளியல்

சாயங்காலம் ஓட்டி முடித்ததும் எல்லோருக்கும் வரும் ஆசை, அப்படியே சரிந்து உட்காருவது. முதலில் ஷார்ட்ஸைக் கழற்றுங்கள். கூடாரம் அடிப்பது, சமைப்பது, வீட்டுக்குப் பேசுவது எல்லாம் அப்புறம். சூடும் ஈரமும் உள்ள அந்தத் துணிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கிருமிக்குக் கொண்டாட்டம்.

குழாய் இருந்தால் குளித்துவிடலாம், பேச்சே இல்லை. இல்லாத இடத்தில் 750 மில்லி பாட்டில் ஒன்று போதும். முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அழுக்குக் கையால் மற்ற எதையும் தொடக் கூடாது. பிறகு சின்னத் துணியை நனைத்து முகம், காதுமடலின் பின்புறம், பிடரி. அலசிவிட்டு அக்குள். பெண்களானால் மார்பின் அடிமடிப்பும் உண்டு, அங்கேயும் வியர்வை தேங்கும். மறுபடி அலசித் தொடையிடுக்கு. பாதம் கடைசி. இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது: காலில் சேற்றுப்புண் இருந்தால் அதே பூஞ்சை தொடையிடுக்குக்கு ஏறிப் படர்தாமரையாக மாறும். துணி பாதத்திலிருந்து மேலே வரக் கூடாது. உடை மாற்றும்போதும் இதே கதைதான். ஜட்டிக்குள் காலை நுழைக்கும்போது விரலிடுக்கு துணியில் உரசும் இல்லையா? முதலில் சாக்ஸ், பிறகு ஜட்டி. பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

சோப்பு உடம்பு முழுக்க வேண்டாம். சாதாரண சோப்பு காரத்தன்மை உடையது, தோலோ லேசான அமிலத்தன்மை உடையது. நாளுக்கு இரண்டு முறை மேலிருந்து கீழ் வரை தேய்த்தால் நான் முன்னே சொன்ன கொழுப்புப் பசை போய்விடும். வெயிலிலும் காற்றிலும் தோல் வறண்டு வெடிக்கும். அக்குள், தொடையிடுக்கு, பாதம், இந்த மூன்றுக்குச் சோப்பு. மற்ற இடத்துக்குத் தண்ணீர். ஈரத் துடைப்பான்கள் அவசரத்துக்கு உதவும். வாசனையும் ஆல்கஹாலும் இல்லாததாக வாங்குங்கள், இல்லையென்றால் காந்திய இடத்தில் பட்டதும் குதிப்பீர்கள். பல வகைகளில் பிளாஸ்டிக் இழை இருப்பதால் அவை மண்ணில் மக்காது, பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டும்.

துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கால்விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக. பிறகு தளர்வான உடையில் கொஞ்ச நேரம் காற்றுப் படட்டும். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், குளிக்கக்கூட நேரமில்லாத நாளிலும் இந்தக் காற்று வாங்குதலை மட்டும் விடாதீர்கள் என்பேன். தூங்குவதற்கென்று ஒரு ஜோடி உடை தனியாக வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு ஓட்டக் கூடாது.

வட்டமாக, ஓரம் தடித்து, அரிப்போடு பரவினால் அது படர்தாமரை. க்ளோட்ரிமசோல் க்ரீம் நாளுக்கு இரண்டு முறை. பார்வைக்கு மறைந்த பிறகும் பெட்டியில் போட்டிருக்கும் நாள் கணக்கு முடியும் வரை தடவ வேண்டும், பாதியில் நிறுத்தினால் திரும்பி வரும். ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களை நீங்களாகத் தொடவே தொடாதீர்கள். இரண்டு நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கி அற்புதம் போலத் தெரியும். உள்ளே பூஞ்சை சத்தமில்லாமல் பரவிக்கொண்டிருக்கும்.

வெயில்

சைக்கிளில் போகும்போது காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருப்பதால் சுடுவது தெரியாது. மாலையில் நிறுத்திய பிறகுதான் எரியும். மலை ஏறினால் குளிரும், ஆனால் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. பனி படர்ந்த தரை வரும் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும், அதனால் மூக்கின் அடிப்பக்கம்கூட வெந்துபோகும். மெல்லிய மேகத்தை நம்ப வேண்டாம்.

சன்ஸ்க்ரீனில் எஸ்பிஎஃப் 30 என்றால் தோலைச் சுடும் கதிரில் 97 சதவீதம் வரை தடுக்கும், 50 என்றால் 98. ஆக, அந்த எஸ்பிஎஃப் எண்ணிக்கையைவிடப் பூசும் அளவுதான் முக்கியம். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால் சரியாக இருக்கும். நாம் பெரும்பாலும் அதில் கால்வாசியிலிருந்து பாதி வரைதான் பூசுகிறோம். கிளம்ப 15 நிமிடம் முன்னால், அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. குனிந்து ஓட்டுவதால் பிடரி, காதின் மேல்விளிம்பு, புறங்கை, கெண்டைக்காலின் பின்புறம் ஆகியவை நாள் முழுக்க வெயிலைப் பார்த்தபடி இருக்கும், அவைதான் மறந்தும் போகும். தலைமுடி குறைந்தவர்கள் ஹெல்மெட்டுக்குள் மெல்லிய துணித் தொப்பி போடுவது நல்லது, இல்லாவிட்டால் காற்றுத் துளைகளின் வடிவம் மண்டையில் அச்சாகப் பதியும். நெற்றியில் க்ரீம் பூசினால் வியர்வையோடு வழிந்து கண் எரியும். அங்கே மட்டும் குச்சி வடிவில் வரும் கெட்டியானது. உண்மையில் இத்தனை பாட்டுக்கும் மாற்று, மெல்லிய முழுக்கைச் சட்டை. அதை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டியதில்லை.

உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால் இன்னும் வெடிக்கும். எஸ்பிஎஃப் உள்ள லிப் பாம் ஒன்று கைக்கெட்டும் பையில் இருக்கட்டும்.

கொசு விரட்டி பூசுவதானால் சன்ஸ்க்ரீனுக்கு மேல்தான் பூச வேண்டும். அதில் டீட் என்ற மருந்து இருந்தால் கவனம்: தோலுக்குப் பொதுவாக ஒன்றும் ஆகாது, ஆனால் ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் இழையையும் சில பிளாஸ்டிக்கையும் அரித்துவிடும். சைக்கிள் ஷார்ட்ஸ் எதில் நெய்தது? அந்த ஸ்பான்டெக்ஸ் கலந்த துணியில்தான்.

கை, பாட்டில், மற்றவை

பயணத்தில் வயிறு கெடுவதற்குச் சாப்பாட்டை மட்டும் திட்டுவோம். கையையும் பாருங்கள். சங்கிலியைத் தொட்டு, டயரைத் தடவி, அதே கையால் சாப்பிடுகிறோம். சானிடைசரில் குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். இருந்தாலும் கிரீஸும் மண்ணும் ஒட்டிய கையில் அது சரியாக வேலை செய்யாது. கொஞ்சம் சமையல் எண்ணெயும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் சேர்த்துத் தேய்த்தால் கிரீஸ் இளகிவிடும், அப்புறம் சோப்பு 20 விநாடி. தண்ணீர் பாட்டிலின் வாய் இன்னொன்று. சாலையிலிருந்து சக்கரம் அள்ளி அடிக்கும் சேறு, சாணம் எல்லாம் அதில்தான் தெறிக்கிறது. மூடி உள்ள பாட்டில் நல்லது. இனிப்புப் பானம் ஊற்றினால் அன்றே வெந்நீரில் கழுவிவிடுங்கள், வால்வுக்குள் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும்.

சைக்கிள் கையுறையின் கட்டைவிரலில் துண்டுத்துணி மாதிரி ஒரு பட்டை தைத்திருக்கும். நெற்றி வியர்வையையும் மூக்கையும் துடைக்கத்தான் அது. இதைச் சொன்ன பிறகு, கையுறையையும் தினமும் துவைக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

வெட்டவெளியில் ஒதுங்க வேண்டியிருந்தால் ஓடை, குளத்திலிருந்து 60, 70 மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, முடித்ததும் மூடிவிடுங்கள்.

மாதவிடாய் நாட்களில் நாப்கின் ஓரம் உரசுவதே பெரிய தொல்லை. மாதவிடாய்க் கப் பழகிவிட்டால் உரசல் இல்லை, 12 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். ஆனால் பயணத்தில் முதல்முறையாகப் பழக வேண்டாம், வீட்டிலேயே இரண்டு மூன்று மாதம் பார்த்துவிடுங்கள். டேம்பான் என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது. எதுவானாலும் மாற்றும் முன்பும் பின்பும் கை கழுவத் தண்ணீர் ஒதுக்கி வையுங்கள். கழிப்பறை கிடைக்காது என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது பலர் செய்யும் தவறு. சிறுநீர்த் தொற்றுக்கு அதுதான் வாசல். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோடு காய்ச்சலும் முதுகுப்பக்க வலியும் சேர்ந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

விழுந்து சிராய்த்தால் சுத்தமான தண்ணீரை நிறைய ஊற்றி மண்ணையும் கல்லையும் வெளியேற்ற வேண்டும். உள்ளே தங்கிவிட்டால் பச்சை குத்தின மாதிரி கறுப்புப் புள்ளியாகவே நிரந்தரமாக நின்றுவிடும். காற்றாடப் பொருக்கு கட்டவிடுவதைவிட, பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசாகத் தடவி, ஒட்டாத கட்டுப் போட்டால் சீக்கிரம் ஆறும். ஆமாம், இவ்வளவு நேரம் ஈரம் எதிரி என்றேன். திறந்த காயத்துக்கு மட்டும் லேசான ஈரப்பதம் வேண்டும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்து வையுங்கள். அழுக்கான காயத்துக்கு, ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போடச் சொல்வார்கள்.

துவைப்பது, காயப்போடுவது

ஷார்ட்ஸைத் தினமும் துவைக்க வேண்டும், ஒரு நாள்கூட விடக் கூடாது. உட்பக்கத்தை வெளியே திருப்பி, பேடில் சோப்புப் போட்டு, குளிக்கும்போதே காலால் மிதித்தால் வேலை முடிந்தது. சோப்பு மிச்சம் இருந்தால் அதுவே மறுநாள் அரிக்கும். நுரை நிற்கும் வரை அலசுங்கள். மென்மையாக்கும் திரவம் எதுவும் வேண்டாம், இழைகளில் படிந்து வியர்வையை வெளியே கடத்த விடாது. பேடைக் கையால் முறுக்கிப் பிழிந்தால் உள்ளே நுரைப்பஞ்சு உடையும். துண்டை விரித்து, ஷார்ட்ஸை அதன்மேல் வைத்து இறுக்கிச் சுருட்டி, சுருளின் மேல் ஏறி நில்லுங்கள். எவ்வளவு தண்ணீர் துண்டுக்கு மாறுகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

மழை நாட்களில் இதுவும் போதாது. காலையில் எழுந்தால் இரண்டு ஜோடியும் சில்லென்று இருக்கும். அப்போது குறைந்த ஈரம் உள்ளதை எடுத்து, க்ரீமை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பூசிக் கிளம்புங்கள். இன்னொன்றைப் பைக்குள் திணிக்காதீர்கள், புழுங்கிக் கப்படிக்கும். மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கும் முதல் இடத்தில் நிறுத்தி, பேட் வானத்தைப் பார்க்கும்படி பின்பையின் மேல் விரித்து நாலு பக்கமும் ஊக்குக் குத்திவிடுங்கள். மதியத்துக்குள் காய்ந்துவிடும், மறைவாக ஓர் இடம் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். பின்னால் வண்டியில் வருகிறவர்கள் இது என்ன கொடி என்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.